தண்ணீரும் காற்றும் மாவரைத்த கதை

பழைய ஆலை ஒன்றின் படத்தைப் பார்த்தால் கண் முதலில் போவது அந்தப் பெரிய சக்கரத்துக்கோ நான்கு இறக்கைகளுக்கோதான். சூட்சுமம் எல்லாம் உள்ளே இருக்கிறது. ஆறு தன்பாட்டில் ஓடுகிறது, காற்று தன்பாட்டில் வீசுகிறது. அந்த விசைக்கு யாரும் காசு கொடுக்க வேண்டியதில்லை. ஆனால் அது இன்றைக்கு அதிகம், நாளைக்குக் குறைவு, மறுநாள் சுத்தமாக இல்லை. இப்படிப்பட்ட ஒன்றைப் பிடித்து வந்து, கல்லுக்கு வேண்டிய வேகத்தில் மட்டும் சுழலவைத்து, மாவு கருகாமலும் கட்டடம் தீப்பிடிக்காமலும் பார்த்துக்கொள்வதுதான் ஆலைக்காரரின் பிழைப்பு. ஆலை வரலாற்றின் சுவையான கண்டுபிடிப்புகளில் பல, விசையை அடக்குவதற்காகப் பிறந்தவை.

தானியத்தை மாவாக்க இரண்டு கற்களுக்கு நடுவே வைத்து அரைக்க வேண்டும். ஆலை வருவதற்கு முன் அது திரிகையில் கையால் நடந்தது. பெரும்பாலும் பெண்களும் அடிமைகளும் செய்த வேலை. வசதியுள்ள இடங்களில் கழுதையைக் கட்டிச் சுற்றவிட்டார்கள். எரிமலைச் சாம்பலில் புதைந்த பொம்பெய் நகரத்தின் ரொட்டிக் கூடங்களில், உடுக்கைபோல் இடை ஒடுங்கிய அந்தப் பெரிய அரைகற்கள் இன்றும் நிற்கின்றன. கையும் கழுதையும் செய்த வேலையை ஆற்றிடம் ஒப்படைத்தபோதுதான் ஆலை பிறந்தது.

நீர்ச்சக்கரம்

மிக எளிய நீராலையில் பற்சக்கரமே கிடையாது. நிமிர்ந்து நிற்கும் ஒரு தண்டு, அதன் அடியில் சாய்வாகச் செருகிய மரத்துடுப்புகள், உச்சியில் அரைகல். மலையோடைத் தண்ணீரை மரக்குழாய் வழியாகத் துடுப்புகளின்மேல் பாய்ச்சினால் தண்டு சுற்றும். கல்லும் கூடவே சுற்றும். தண்ணீர் கொஞ்சமாக, ஆனால் வேகமாக இறங்கும் இடத்துக்கு இது போதும். அயர்லாந்திலும் ஸ்காண்டிநேவியாவிலும் முன்பு இந்த வகை பரவலாக இருந்தது. இமயமலைச் சரிவுகளில் இன்றும் அரைத்துக்கொண்டிருக்கிறது. பழுதானால் ஊர்த் தச்சரே சரிசெய்துவிடலாம் என்பது இதன் பெரிய பலம்.

படங்களில் நாம் பார்க்கும் நிமிர்ந்த சக்கரம் வேறு வகை. கி.மு. முதல் நூற்றாண்டில் விட்ருவியஸ் என்ற ரோமானியக் கட்டடக்கலைஞர் இதை விவரித்திருக்கிறார். சக்கரம் நிமிர்ந்து நின்றால் அதன் அச்சு படுத்திருக்கும். கல்லின் அச்சோ நிமிர்ந்திருக்க வேண்டும். ஆகவே ஒன்றோடொன்று செங்குத்தாகக் கோத்துக்கொள்ளும் இரண்டு பற்சக்கரங்கள் இடையில் தேவைப்பட்டன. இதோடு வேகச் சிக்கலும் தீர்ந்தது. பெரிய நீர்ச்சக்கரம் நிமிடத்துக்கு ஏறக்குறைய 10 சுற்றுதான் சுற்றும். நான்கு அடி விட்டமுள்ள அரைகல்லுக்கு 100 சுற்றுக்கு மேல் வேண்டும். பெரிய பற்சக்கரம் சிறியதைச் சுற்றினால் வேகம் பெருகும் அல்லவா? முதல் கட்டத்தில் மூன்று மடங்கு, அடுத்த கட்டத்தில் நான்கு மடங்கு என்று பிரித்துப் பெருக்கினால் கணக்கு முடிந்தது.

பற்களை எண்ணுவதிலும் ஒரு தந்திரம் உண்டு. பெரிய சக்கரத்தில் 60 பல், சிறியதில் 20 பல் என்று வைத்தால், சிறிய சக்கரத்தின் ஒவ்வொரு பல்லும் எப்போதும் அதே மூன்று பற்களைத்தான் சந்திக்கும். ஒரு பல்லில் சிறு கோளாறு இருந்தால் அது தன் ஜோடிகளை மட்டுமே தேய்த்துக் கெடுத்துவிடும். அதனால் ஆலைத் தச்சர்கள் வேண்டுமென்றே ஒரு பல்லைக் கூட்டி 61 ஆக்கினார்கள். இப்போது ஒவ்வொரு பல்லும் முறைவைத்து எதிர்ச்சக்கரத்தின் எல்லாப் பற்களையும் சந்திக்கும். தேய்மானம் சமமாகப் பரவும். பகா எண், பொது வகுத்தி என்று பள்ளியில் படித்ததெல்லாம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு ஆலைத் தச்சர் வைத்திருந்த பதில் இது.

தண்ணீர் சக்கரத்தை எங்கே தொடுகிறது என்பதைப் பொறுத்து வகை மாறும். சக்கரத்தின் அடிப்பகுதி ஓடும் ஆற்றில் முங்கியிருந்தால், நீரோட்டம் துடுப்புகளில் மோதித் தள்ளும். இதைக் கட்டுவது சுலபம். மாறாக, தண்ணீரை வாய்க்கால் வழியாக உயரத்துக்குக் கொண்டுவந்து சக்கரத்தின் உச்சியில் விட்டால், விளிம்பிலுள்ள தொட்டிகளில் நீர் நிரம்பி அதன் எடையே சக்கரத்தைக் கீழே இழுக்கும். இரண்டில் எது மேல் என்று வெகுகாலம் வாதம் நடந்தது. ஜான் ஸ்மீட்டன் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் சிறிய மாதிரிச் சக்கரம் ஒன்றைச் செய்து, அளந்து பார்த்து, 1759-இல் லண்டன் ராயல் சொசைட்டியில் முடிவை வெளியிட்டார். உச்சியில் நீர் விழும் சக்கரம், அடியில் நீர் மோதும் சக்கரத்தைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு வேலை செய்தது. மோதும் நீர் தெறித்தும் சுழித்தும் தன் ஆற்றலில் பெரும்பங்கை வீணாக்குகிறது. தொட்டியில் உட்கார்ந்து இறங்கும் நீருக்கு அந்த நஷ்டம் இல்லை. இன்று இது வெளிப்படையாகத் தெரியலாம். ஆனால் அன்றைய கோட்பாட்டாளர்கள் காகிதத்தில் போட்ட கணக்கு வேறு சொன்னது. எனக்கு இந்தக் கதையில் பிடித்தது, ஸ்மீட்டன் வாதாடாமல் அளந்தார் என்பதுதான்.

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். நொடிக்கு 100 லிட்டர் தண்ணீர் 3 மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தால் அதில் ஏறக்குறைய 3 கிலோவாட் ஆற்றல் இருக்கிறது. நல்ல மேல்விழு சக்கரம் அதில் மூன்றில் இரண்டு பங்கைப் பிடித்தால் 2 கிலோவாட். இன்றைய தண்ணீர் கொதிக்கவைக்கும் மின்கெண்டி ஒன்றுக்குத் தேவையான அளவு! அவ்வளவு குறைந்த விசையில் ஓர் ஊருக்கு மாவரைத்துக் கொடுத்தார்கள்.

ரோமானியர்கள் இதைப் பெரிய அளவிலும் செய்து பார்த்தார்கள். பிரான்சின் ஆர்ல் நகருக்குப் பக்கத்தில் பார்பேகால் என்ற இடத்தில், ஒரு குன்றின் சரிவில் 2 வரிசையாக 16 சக்கரங்கள். மேலே உள்ள சக்கரத்தைச் சுற்றிவிட்டு விழும் தண்ணீர் அடுத்த சக்கரத்துக்குப் போகும். இப்படியே அடிவாரம் வரை. கி.பி. 2-ஆம் நூற்றாண்டில் இது ஒரு தொழிற்சாலை என்றே சொல்லலாம். கி.பி. 537-இல் கோத் படை ரோம் நகரை முற்றுகையிட்டு நீர்க்கால்வாய்களை அறுத்தபோது நகரின் ஆலைகள் நின்றுபோயின. நகரைக் காத்த தளபதி பெலிசாரியஸ், ரோம் வழியாக ஓடும் டைபர் ஆற்றில் படகுகளைக் கட்டி நிறுத்தி, படகுக்குப் படகு இடையில் சக்கரம் தொங்கவிட்டு, ஆற்றோட்டத்திலேயே மாவரைத்தார். மிதக்கும் ஆலை அப்போது பிறந்து, ஐரோப்பிய ஆறுகளில் பல நூற்றாண்டுகள் நீடித்தது.

கடலைக்கூட விட்டுவைக்கவில்லை. வட அயர்லாந்தின் நெண்ட்ரம் மடத்தில் கி.பி. 619 வாக்கில் வெட்டப்பட்ட மரங்களால் கட்டிய ஓத ஆலை அகழ்வில் கிடைத்திருக்கிறது. கடல் ஏறும்போது குளத்தில் நீரைப் பிடித்துவைத்து, இறங்கும்போது திறந்துவிடுவார்கள். ஓதம் நாளுக்கு நாள் நேரம் மாறி வருவதால், அந்த ஆலைக்காரர் நடுச்சாமத்திலும் எழுந்து அரைத்தாக வேண்டும்.

மாவைத் தாண்டி

சுற்றும் அச்சில் சில மரமுளைகளை அடித்துவைத்தால், ஒவ்வொரு சுற்றிலும் அவை ஒரு சம்மட்டியின் வாலை அழுத்தித் தலையைத் தூக்கும். முளை விலகியதும் சம்மட்டி தன் எடையால் விழும். இவ்வளவுதான் சாதனம். ஆனால் இதை வைத்துக்கொண்டு கம்பளித் துணியை மிதிக்கலாம், காகிதக் கூழுக்குக் கந்தலை இடிக்கலாம், இரும்பை அடிக்கலாம், உலைத்துருத்தியை ஊதலாம். சீனத்தில் து ஷி என்ற அதிகாரி கி.பி. 31-இலேயே நீர்விசையால் துருத்தி ஊதி இரும்பு வார்க்க ஏற்பாடு செய்தார். ரிச்சர்ட் ஆர்க்ரைட் 1771-இல் இங்கிலாந்தின் குரோம்ஃபோர்டில் தொடங்கிய பருத்தி நூற்பாலையும் தண்ணீரால்தான் ஓடியது. தொழிற்புரட்சி என்றதும் நீராவியை நினைக்கிறோம். அதன் முதல் சுற்றைச் சுற்றிவிட்டது நீர்ச்சக்கரம். 1854-இல்கூட அயர்லாந்துக்கும் இங்கிலாந்துக்கும் நடுவிலுள்ள மேன் தீவின் (Isle of Man) லாக்ஸி சுரங்கத்தில் நீரிறைக்க 22 மீட்டர் விட்டத்தில் ஒரு சக்கரம் கட்டினார்கள். அது இன்றும் சுற்றுகிறது.

ஆலை யாருடையது?

இங்கிலாந்தில் 1086-இல் எடுத்த நிலக்கணக்கில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட ஆலைகள் பதிவாகியிருக்கின்றன. அரசன் அவற்றை எண்ணச் சொன்னதற்குக் காரணம் வரும்படி. இடைக்கால ஐரோப்பாவின் பல பகுதிகளில் குடியானவர் தம் தானியத்தை நிலப்பிரபுவின் ஆலையில்தான் அரைக்க வேண்டும். அரைத்ததில் ஒரு பங்கைக் கூலியாக விட்டுவிட வேண்டும். வீட்டில் திரிகை வைத்திருப்பதே சில இடங்களில் குற்றம்.

செயின்ட் ஆல்பன்ஸ் மடத்தின் தலைவர் ரிச்சர்ட் 1330-களின் தொடக்கத்தில் ஊராரின் திரிகைகளைப் பறிமுதல் செய்து, தம் மடத்தின் தரையில் தளக்கல்லாகப் பதித்துவிட்டார். வானியல் கடிகாரம் ஒன்றையே வடிவமைத்த மேதை அவர். பற்சக்கரத்தின் அருமை தெரிந்தவர். அரைகல்லின் அருமையும் தெரிந்திருக்கும் போலும். அரை நூற்றாண்டு கழித்து, 1381 குடியானவர் கிளர்ச்சியில், ஊரார் மடத்துக்குள் புகுந்து அந்தத் தளத்தைப் பெயர்த்து, கல்லை உடைத்து ஆளுக்கொரு துண்டாக எடுத்துப்போனார்கள். ஆலைகளின் அழகை மட்டும் பேசும் கட்டுரைகள் இந்தப் பக்கத்தைப் புரட்டாமல் தாண்டிவிடுகின்றன.

காற்று

ஆறு இல்லாத ஊரிலும் காற்று உண்டு. ஆனால் தண்ணீரை மதகு வைத்து நிறுத்தலாம், காற்றுக்கு மதகு கிடையாது. காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அதன் ஆற்றல் எட்டு மடங்காகிறது. மதியம் சோம்பலாகச் சுற்றிய இறக்கை மாலைப் புயலில் கட்டடத்தையே பிய்த்துப்போட்டுவிடும்.

ஆரம்பகாலக் காற்றாலைகள் கிழக்கு ஈரானில், சீஸ்தான் பகுதியில் தோன்றின. அங்கே கோடையில் ஏறக்குறைய நான்கு மாதம் ஒரே திசையிலிருந்து பலத்த காற்று வீசும். ஆகவே அவர்கள் இறக்கைகளைச் செங்குத்தான அச்சில் பொருத்தி, இருபுறமும் மண்சுவர் எழுப்பி, காற்று ஒரு பக்கத்தை மட்டும் தள்ளும்படி செய்தார்கள். அடியில் கல். குராசானின் நஷ்திஃபான் ஊரில் இவ்வகை ஆலைகள் வரிசையாக நிற்கின்றன.

காற்று நாலாபுறமிருந்தும் வரும் வடமேற்கு ஐரோப்பாவுக்கு அந்த ஏற்பாடு சரிப்படவில்லை. 12-ஆம் நூற்றாண்டில் அங்கே தோன்றிய ஆலை ஒரு முரட்டுத் தீர்வு கண்டது: கல், பற்சக்கரம், மூட்டை, ஆலைக்காரர் உட்பட மொத்த மரவீட்டையும் ஒற்றைத் தூணின்மேல் உட்காரவைத்து, பின்னால் நீட்டிய நீளமான கழியைத் தள்ளிக் காற்றை நோக்கித் திருப்புவது. பிறகு கல்லாலோ செங்கல்லாலோ கோபுரம் கட்டி, உச்சியிலுள்ள தொப்பியை மட்டும் திருப்பும் ஆலைகள் வந்தன. 1745-இல் எட்மண்ட் லீ என்ற ஆங்கிலேயர் அந்தத் தொப்பியின் பின்புறத்தில் ஒரு சின்ன விசிறியைப் பொருத்தினார். பெரிய இறக்கைகள் காற்றுக்கு நேராக இருக்கும்வரை விசிறி சும்மா இருக்கும். காற்று திசை மாறினால் அது பக்கவாட்டில் அடிபட்டுச் சுழன்று, பற்சக்கரங்கள் வழியாகத் தொப்பியை மெல்ல நகர்த்தி, மறுபடி காற்றுக்கு நேராகக் கொண்டுவந்து தானே நின்றுவிடும். ஆள் யாரும் தொட வேண்டாம். தானியங்கி என்ற சொல்லுக்கு இதைவிடச் சுத்தமான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

இறக்கைகளின் கதையும் இதே போக்குதான். முதலில் மரச்சட்டத்தின்மேல் துணி கட்டினார்கள். காற்று கூடினால் ஆலையை நிறுத்தி, ஒவ்வொரு இறக்கையாக ஏறித் துணியைச் சுருட்ட வேண்டும். குளிரில், மழையில், இருட்டில். 1772-இல் ஆண்ட்ரூ மெய்க்கிள் துணிக்குப் பதிலாகச் சிறு பலகைகளை வில்விசையோடு பொருத்தினார். காற்று மிஞ்சினால் பலகைகள் தாமே திறந்து அதைக் கசியவிடும். 1807-இல் வில்லியம் கியூபிட், ஆலை சுழன்றுகொண்டிருக்கும்போதே எல்லாப் பலகைகளையும் ஒரே சங்கிலியால் திறந்து மூட வழி செய்தார்.

நெதர்லாந்துக்கு மாவைவிட நிலம் முக்கியமாக இருந்தது. கடல் மட்டத்துக்குக் கீழே கிடந்த ஏரிகளைச் சுற்றிக் கரை போட்டு, காற்றாலைகளால் தண்ணீரை இறைத்து வெளியேற்றினார்கள். ஓர் ஆலையின் இறைசக்கரம் ஒன்றரை மீட்டர் அளவுக்குத்தான் நீரை ஏற்றும் என்பதால், ஆழமான இடங்களில் படிப்படியாகக் கைமாற்றும்படி ஆலைகளை வரிசையாக நிறுத்தினார்கள். 7,000 ஹெக்டேர் பரப்புள்ள பேம்ஸ்டர் ஏரி நாற்பதுக்கும் மேற்பட்ட ஆலைகளின் உழைப்பால் 1612-இல் வயலாயிற்று. கிண்டர்டைக்கில் 19 ஆலைகள் இன்னும் நிற்கின்றன; 1997-இல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தன. 1590-களில் கோர்னேலிஸ் கோர்னேலிஸோன் காற்றின் சுழற்சியை வளைதண்டு ஒன்றால் மேலும் கீழுமான அசைவாக மாற்றி மரம் அறுத்தார். கப்பல் கட்டும் நாட்டுக்குப் பலகை மலிந்தது.

கல்லுக்குப் பக்கத்தில்

இனி ஆலையின் நடுவே வருவோம். இரண்டு கற்களில் அடிக்கல் அசையாது. மேற்கல் மட்டும் சுற்றும். ஒரு டன் எடையுள்ள அந்த மேற்கல் அடிக்கல்லைத் தொடவே கூடாது. இரண்டுக்கும் இடைவெளி விளிம்பில் ஒரு தாளின் கனம், நடுவில் சற்றே கூடுதல். கல் முகத்தில் நடுவிலிருந்து விளிம்பு நோக்கி வரித்தடங்கள் வெட்டியிருப்பார்கள். இரண்டு கற்களின் தடங்களும் கத்தரிக்கோல் அலகுபோல் ஒன்றையொன்று குறுக்காகக் கடக்கும்போது தானியம் வெட்டுப்படும். அதே தடங்கள் மாவை வெளியே தள்ளும், காற்றையும் உள்ளே விட்டுக் கல்லைச் சூடாகாமல் காக்கும். தடங்கள் மழுங்கினால் மேற்கல்லைத் தூக்கிப் புரட்டிப்போட்டு உளியால் கொத்த வேண்டும். பல நாள் பிடிக்கும் வேலை.

மேலே தொட்டியில் தானியம். அதன் வாயில் ஒரு சாய்வான மரத்தட்டு தொங்கும். கல்லோடு சுற்றும் நாற்பட்டைத் தண்டு ஒன்று அந்தத் தட்டை இடித்துக்கொண்டே இருக்கும். ஒவ்வோர் இடிக்கும் கொஞ்சம் தானியம் கல்லின் கண்ணில், அதாவது மேற்கல்லின் நடுத்துளையில், விழும். கல் வேகமாகச் சுற்றினால் இடி கூடும், தானியமும் கூடும். மெதுவானால் குறையும். ஆலையின் ஓயாத தடதடச் சத்தம் இதுதான். தொட்டி காலியாகப்போகிறது என்றால் ஒரு மணி அடிக்கும். தானியத்தின் எடையால் இழுத்துப் பிடிக்கப்பட்டிருந்த வார் தளர்ந்து மணியை விட்டுவிடும். அந்த மணியைப் பொருட்படுத்தாமல் தூங்கினால், இடையில் தானியம் இல்லாத கற்கள் உரசிப் பொறி பறக்கும். காற்றில் மிதக்கும் மாவுத்தூசி வெடிமருந்துக்குச் சளைத்ததல்ல. மினியாபொலிஸ் நகரில் 1878 மே 2 அன்று ஒரு பெரிய ஆலை இப்படி வெடித்து 18 பேர் இறந்தார்கள்.

காற்று கூடினால் மேற்கல் சற்று மேலெழும்பி மாவு குருணையாக வரும். அதைத் தடுக்க ஆலைக்காரர்கள் ஒரு தண்டில் இரண்டு கனமான குண்டுகளைத் தொங்கவிட்டார்கள். வேகம் கூடினால் குண்டுகள் விரிந்து, நெம்புகோல் வழியாகக் கல்லைக் கீழே இறக்கும். தாமஸ் மீட் 1787-இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். மறு ஆண்டு லண்டன் அல்பியன் ஆலையில் இத்தகைய குண்டுகளைக் கண்ட மாத்யூ போல்ட்டன், தம் கூட்டாளி ஜேம்ஸ் வாட்டுக்கு எழுதினார். வாட் அதையே நீராவி எந்திரத்தின் வேகத்தை அடக்கப் பயன்படுத்தினார். நீராவி எந்திரம் ஆலைகளை மூடவைத்தது என்று சொல்வது சரிதான். ஆனால் அதற்கு நிதானம் கற்றுக்கொடுத்ததும் ஆலைதான்.

கல்லாலைகளைக் கடைசியில் வீழ்த்தியது 1870-களுக்குப் பின் பரவிய உருளை ஆலை. எஃகு உருளைகள் தவிட்டைச் சுத்தமாகப் பிரித்து வெள்ளை மாவு தந்தன. அவற்றைக் கொத்தவும் வேண்டியதில்லை.

பார்க்கப் போகிறவர்களுக்கு

நெதர்லாந்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட காற்றாலைகள் மிஞ்சியிருக்கின்றன. அங்கே ஆலை ஓட்டும் கைத்தொழிலை 2017-இல் யுனெஸ்கோ தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. ஓட்டுபவர்களில் பெரும்பாலோர் பயிற்சி பெற்ற தன்னார்வலர்கள். ஓடாத ஆலை சீக்கிரம் கெடும்: மரம் ஈரம் பிடிக்கும், புழு அரிக்கும். ஆகவே அரைக்க எதுவும் இல்லாவிட்டாலும் சுற்றவிடுகிறார்கள். நின்றிருக்கும் இறக்கையும் அங்கே செய்தி சொல்லும்: செங்குத்து நிலையை எட்டுவதற்குச் சற்று முன் நிறுத்தியிருந்தால் மகிழ்ச்சி, தாண்டியபின் நிறுத்தியிருந்தால் துக்கம்.

எந்த ஆலைக்குப் போனாலும் மேல் தளத்தில் தொடங்கிக் கீழே இறங்குங்கள். தானியம் போகும் வழியும் அதுவே. தொட்டி, தட்டு, கல், மாவு இறங்கும் குழாய் என்று வரிசை பிசகாமல் புரியும். பல ஆலைகளில் இறக்கை தரையை ஒட்டியே வீசும், முன்பக்கம் நிற்க வேண்டாம். நெதர்லாந்து போக வாய்த்தால் மே மாதத்தின் இரண்டாவது வார இறுதி தேசிய ஆலை நாட்கள். மற்ற நாட்களில் ஆலையில் நீலக்கொடி பறக்கிறதா என்று பாருங்கள். பறந்தால் உள்ளே போகலாம்.